கவிழ்த்து வைத்த டம்ளர்

காலை ஆறு மணிக்கு மாமியாரின் நாக்கில் மாத்திரையை வைத்து, இரண்டு மடக்குத் தண்ணீர் புகட்டி, "வாயத் தொறங்க அத்தை... நாக்கத் தூக்குங்க... ம், சரி" என்று உள்ளே பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் சிஸ்டர் கட்டிலை விட்டு எழுந்தாள்.

"நான் என்ன திருடியா? தெனம் மூணு வேள சோதன போடுற" என்று முனகினாள் மாமியார். நூற்று மூன்று டிகிரிக் காய்ச்சல் உடம்பைத்தான் படுக்கப் போட்டிருந்தது, வாயைப் போடவில்லை.

சிஸ்டர் என்பது அந்த மாமியார் வைத்த பெயர்தான். கல்யாணமாகி வந்தபோது அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எங்க வீட்டுக்கு சிஸ்டரம்மா வந்தாச்சு, இனிமே எல்லாரும் தைரியமா சீக்கு வாங்கிக்கலாம்" என்று மாமியார் கேலியாக ஆரம்பித்தது தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது. அவள் வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிவிட்டது. வேலை போயும் பெயர் போகவில்லை.

முக்காலியில் இருந்த எவர்சில்வர் டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு வாசல் பக்கம் ஒரு கண் வைத்தபடி, கால்மாட்டில் மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பழைய காலண்டர் தாள் ஒன்றை உருவினாள். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்: காலை 6. ஜுரம் 103. மாத்திரை ஒன்று. டம்ளர் கவிழ்த்தாச்சு. அது பத்தாவது வரி. மறுபடி மடித்து உள்ளே தள்ளிவிட்டாள்.

மாமியாருக்கு மாத்திரை கொடுத்ததை எழுதி வைக்க ஒருத்தி இப்படித் திருட்டுத்தனம் பண்ண வேண்டுமா? வேண்டியிருந்தது. காரணம் அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், பள்ளிக்கூட டீச்சர். ஆறு வருஷமாக அண்ணியோடு பேசுவதில்லை. பேசாதது மட்டுமல்ல, அந்த வீட்டில் உட்காருவதில்லை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கைப்பையில் சொந்தமாகத் தண்ணீர் பாட்டில், தலைவலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எல்லாம் வைத்துக்கொண்டு, பிறந்த வீட்டுக்கே பயணம் வந்தவள் மாதிரி வந்து வாசலோடு போவாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா இதே வீட்டில் நெஞ்சு வலியில் இறந்து போனார். அந்த நேரம் சிஸ்டர் ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தாள். "ஊர்ல இருக்கற நோயாளிக்கெல்லாம் ஓடி ஓடிப் பாப்பாங்க, எங்கப்பாவுக்கு மட்டும் லீவு கெடைக்கல" என்று டீச்சர் நாலு பேர் நடுவில் சொன்னாள். சிஸ்டர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அடுத்த வாரமே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தாள். அன்றைக்குக் காலையில் உண்மையில் என்ன நடந்தது என்பது இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி இவள். இன்னொருத்தி கட்டிலில் படுத்திருப்பவள்.

இப்போதுதான், இத்தனை காலத்துக்குப் பிறகு, பெரிய டாக்டரே கூப்பிட்டு அனுப்பியிருந்தார். வருகிற திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலையில் சேர வேண்டும். வெள்ளை உடுப்பை எடுத்துத் துவைத்து, தேய்த்து, பீரோவில் மாட்டியிருந்தாள். தினமும் ஒரு தடவை பீரோவைத் திறந்து அதைத் தொட்டுப் பார்த்தாள், யாருக்கும் தெரியாமல்.

அந்தச் சமயம் பார்த்து மாமியாருக்குக் காய்ச்சல்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் ஒரு நோட்டைக் கட்டில் கம்பியில் கட்டி, நேரம், ஜுரம், மாத்திரை என்று கோடு போட்டு எழுத ஆரம்பித்தாள். வார்டில் இருபது வருஷப் பழக்கம் அது, கை தானாகச் செய்யும். அம்மாவைப் பார்க்க வந்த டீச்சர் அதைப் பார்த்துவிட்டு நோட்டைப் பிய்த்து எறிந்தாள். "எங்கம்மா என்ன ஏழாம் நம்பர் பெட்டா? வேலைக்குப் போறதுக்கு எங்கம்மாவ வெச்சு ஒத்திக பாக்குறாங்களாண்ணா?"

கேள்வி அண்ணனுக்கு. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேலை நேரத்தில் மற்றவர்களின் லிஃப்டைச் சரி பண்ணுவார், வீட்டில் அவரே லிஃப்ட். மேல் மாடிச் சேதியைக் கீழும் கீழ் மாடிச் சேதியை மேலும் ஏற்றி இறக்கி, நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது அவர் பாடு.

"நோட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று அவர்தான் தீர்ப்பு சொன்னார். "மாத்திர குடுத்தா டம்ளரக் கவுத்து வைங்க. வேள வந்தா நிமித்தி வைங்க. நிமிந்திருந்தா குடுக்கல, கவுந்திருந்தா குடுத்தாச்சு. பேசவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். சரியா?"

சரி என்று இருவரும் சொன்னார்கள். அதாவது ஒருத்தி அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினாள், இன்னொருத்தி புருஷனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

வியாழக்கிழமை காலை சரியாக எட்டு மணிக்கு டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டது. பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று வந்துவிடுவாள். அவள் அறைக்குள் இருக்கும்போது சிஸ்டர் உள்ளே போக மாட்டாள். அடுப்படியில் கஞ்சி வடிகட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே நாற்காலி இழுபடும் ஓசை. தாயும் மகளும் ஏதோ தணிந்த குரலில் பேசினார்கள். ஐந்து நிமிஷத்தில் டீச்சர் வெளியே வந்து, ஃபிரிட்ஜைப் பார்த்துப் பேசினாள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் அவளிடம் அதிகம் திட்டு வாங்கியது அந்த ஃபிரிட்ஜ்தான்.

"சில பேருக்கு நேரம்னா என்னன்னே தெரியறதில்ல. நானும் வர்றப்பல்லாம் பாத்துட்டுதான் இருக்கேன்... வாயத் தொறந்தா பொல்லாப்பு. என் கடமைய நான் செஞ்சுட்டுப் போறேன்."

கஞ்சி பத்து நிமிஷம் தாமதமானதைச் சொல்கிறாள் என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டாள். எதைச் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டுப் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

ஒன்பதரைக்கு மாமியாருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்தது. ஈரத்துணியால் துடைக்கப் போன சிஸ்டரைப் பார்த்து, "யாரு நீ? எம் பொண்ணு எங்க?" என்று கேட்டாள். கண் செருகியது. தெர்மாமீட்டர் நூற்று ஐந்தைத் தொட்டது. எத்தனையோ காய்ச்சலைப் பார்த்த சிஸ்டர், இந்தக் காய்ச்சலைப் பார்த்துப் பயந்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அம்மாவைக் கையில் அள்ளிக்கொண்டு வண்டியில் ஏற்றினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே படுக்க வைத்துக் குளுக்கோஸ் ஏற்ற ஆரம்பித்தார்கள். தகவல் தெரிந்து டீச்சர் வகுப்பைப் பாதியில் விட்டு வந்து சேர்ந்தாள், விரலில் சாக்பீஸ் மாவு அப்படியே இருந்தது. பெரிய டாக்டர் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்டிப்பான பெண்மணி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாலே வார்டு அடங்கும். சிஸ்டரைக் கண்டதும் லேசாகச் சிரித்தார்.

"நீங்க பாத்துக்கிட்டதுனால எனக்குப் பாதி வேல மிச்சம். காய்ச்சல் மாத்திர எத்தன போயிருக்கு?"

"நாளைக்கு மூணு டாக்டர். திங்கக்கெழம காலைல ஆரம்பிச்சு இன்னிக்குக் காலையோட பத்து." சிஸ்டர் காலி அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

டாக்டர் தலையசைத்து எழுதப் போனார். அப்போது டீச்சரின் குரல் கேட்டது, பள்ளிக்கூடத்துக் குரலே இல்லை அது.

"பத்தா? அப்ப... நான் குடுத்தது?"

அவள் கைப்பையைத் திறந்தாள். தண்ணீர் பாட்டில், சிவப்பு மைப் பேனா, கட்டுக் கட்டாய் விடைத்தாள், அதற்கடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டை. அதில் ஒன்பது பொத்தல். ஒரே ஒரு மாத்திரை மிச்சம். அதை மற்ற அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே பெயர்.

சிஸ்டர் அந்த இரண்டு அட்டைகளையும் பார்த்தபடி நின்றாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்தொம்பது. மூணு நாள்ல. நாப்பது கிலோ இருப்பாங்களா அவங்க? இந்த வயசுல, சாப்பாடும் எறங்காத நேரத்துல... கல்லீரல் தாங்குமா? வாந்தி, கண்ணு செருகுறது... நான் காய்ச்சல்னு நெனச்சுட்டிருக்கேன்." மணியை அடித்து, ரத்தம் எடுத்து உடனே அனுப்பச் சொன்னார். "மூணு மணிக்கு ரிப்போர்ட் வரும். அதுவரைக்கும் நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. எப்படிங்க ரெண்டு பேர் குடுத்தீங்க?"

டீச்சர் திக்கித் திக்கிச் சொன்னாள். "டம்ளர் டாக்டர்... கவுந்திருந்தா குடுத்தாச்சுன்னு அர்த்தம். மொத தடவ மட்டும் கவுந்திருந்துச்சு, நான் வாசல்லேர்ந்தே பாத்துட்டுப் போயிட்டேன். அப்புறம் நான் வந்தப்பல்லாம் நிமிந்தே இருந்துச்சு. ஒம்போது தடவையும். யாரும் குடுக்கலேன்னு நெனச்சேன்... அம்மாவும் 'நீ குடு, நீ குடுத்தா சாப்பிடுறேன்'னு கைய நீட்டுச்சு, குடுத்துட்டு நானே கவுத்து வெச்சேன்..."

"டம்ளரா?" டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரே வீட்டு ஆளுங்க, வாயத் தொறந்து 'குடுத்தீங்களா'ன்னு கேக்க மாட்டீங்களா? கேக்காம நீங்க பாட்டுக்கு ஒம்போது மாத்திர குடுத்திருக்கீங்க. படிச்சவங்கதான நீங்க?"

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை நடுங்குவதைச் சிஸ்டர் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. "நானே... எங்கம்மாவ நானேவா..."

நான் கவிழ்த்தேன். பத்துத் தடவையும் கவிழ்த்தேன். வீட்டில் மெத்தைக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறேன். சிஸ்டரின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது அது. நிமிர்ந்திருந்தது என்கிறாள். டீச்சர் முசுடுதான், வாய் நீளம்தான், ஆனால் பொய் சொல்பவள் இல்லை. பிறகு எப்படி நிமிர்ந்தது? யோசிக்க நேரமில்லை. அந்தத் தாள் இந்த மேஜைக்கு வந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கவிழ்ந்திருந்த டம்ளரைக் கவனிக்காமல் மாத்திரை கொடுத்த மகள் என்று ஆகிவிடும். மூன்று மணிக்கு ரிப்போர்ட் கெட்டதாக வந்தால், அந்த மகள் சாகும் வரைக்கும் அதைச் சுமக்க வேண்டும். செய்யாத ஒன்றை ஆறு வருஷம் சுமந்தவளுக்கு அந்தக் கனம் தெரியும்.

"நான்தான் டாக்டர்" என்றாள் சிஸ்டர். "குடுத்துட்டுக் கவுக்க மறந்துட்டேன். அவ மேல தப்பில்ல."

"ஒம்போது தடவையும் மறந்தீங்களா?"

"...ஆமா."

"குறிப்பு எழுதலையா?"

பொய்யிலேயே கஷ்டமான பொய் அதுதான். இருபது வருஷம் ஒரு நாள் தவறாமல் எழுதிய கை. "இல்ல டாக்டர்."

டாக்டர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். கோபத்தைவிட அந்தப் பார்வை வலித்தது. "சொந்த வீட்டுல குறிப்பு எழுதாதவங்கள நம்பி என் வார்ட விட முடியாதும்மா. திங்கக்கெழம நீங்க வர வேண்டாம்."

வெளியே வராந்தாவில் நீள பெஞ்சு. ஒரு கோடியில் டீச்சர், மறு கோடியில் சிஸ்டர், நடுவில் வழக்கம்போல லிஃப்ட்.

"கேட்டியாண்ணா" என்றாள் டீச்சர். அழுகையில் குரல் உடைந்து உடைந்து வந்தது. "அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. அப்பாவ அம்போன்னு விட்டுட்டுப் போனாங்க... போனாப் போகுது, அம்மாவாவது இருக்கேன்னு நெனச்சேன். இப்ப அம்மாவையும் என் கையாலயே... என் கையாலயேண்ணா. இவங்களுக்கு நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "மறந்துட்டியா? நீயா மறந்த?"

கூடப் படுத்து, கூட எழுந்து, பதினெட்டு வருஷம் பார்த்தவர். இல்லை, நீ மறந்திருக்க மாட்டாய் என்று அவர் சொல்வார் என ஒரு நொடி எதிர்பார்த்தாள். அவர் கண்ணில் கேள்விதான் இருந்தது. அப்புறம் அந்தக் கேள்வியும் போய்விட்டது, நம்பிவிட்டார்.

"ம்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். கண்ணில் நீர் மறைத்து எழுத்துக் கலங்கியது. மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

ஒரு மணி இருக்கும். உள்ளேயிருந்த சின்ன வயசு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "காய்ச்சல் எறங்கி நூறுக்கு வந்திருக்கு. கண்ணு முழிச்சுட்டாங்க. ஆனா தலகாணி, தலகாணின்னு ஒரே அடம். வீட்டுல இருக்கற அவங்க தலகாணிதான் வேணுமாம், அத யாரும் தொடக் கூடாதாம்."

"யாரும் தொடாம எப்படிக் கொண்டு வர்றது?" என்றார் லிஃப்ட், பாவம், அந்த நேரத்திலும் அது நியாயமான கேள்விதான்.

"நான் போறேன்" என்று டீச்சர் எழுந்தாள். "எனக்கு இங்க ஒக்காந்தா மூச்சு முட்டுது." அண்ணனிடம் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனாள்.

அரை மணியில் வந்திருக்க வேண்டியவள் இரண்டு மணி நேரமாகியும் வரவில்லை. மூன்று மணி அடித்தது. பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தபோது சிஸ்டர் எழுந்து நின்றாள்.

"கல்லீரல் சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியாத முகம். "சிறுநீர்ல கிருமி, அதான் இந்தக் காய்ச்சல், மருந்து போட்டாச்சு. நாலு நாள்ல எழுந்து நடப்பாங்க. ஆனா பத்தொம்பது மாத்திர முழுங்கின ரத்தம் இல்ல இது. எனக்கே புரியல. நீங்க சொல்ற கணக்கு எங்கயோ இடிக்குது."

லிஃப்ட் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிழைத்துவிட்டாள், அது போதும். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்போதுதான் டீச்சர் வந்தாள். ஒரு கையில் தலையணை, இன்னொரு கையில் பை. வெயிலில் நடந்தே வந்திருப்பாள் போல, முகம் காய்ந்து வெளிறிக் கிடந்தது. அண்ணனைத் தாண்டினாள், டாக்டரைத் தாண்டினாள். சிஸ்டருக்கு நேரே வந்து நின்றாள்.

"அண்ணி" என்றாள்.

ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை. சிஸ்டருக்கு யாரைக் கூப்பிடுகிறாள் என்று புரியவே கொஞ்சம் நேரமாயிற்று.

"உள்ள வாங்கண்ணி. நீங்களும் வாங்க டாக்டர்."

மாமியார் தலையை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள். மகளின் கையில் தலையணையைப் பார்த்ததும் முகம் மாறியது. "குடு, இங்க குடு..." என்று கையை நீட்டினாள். டீச்சர் கொடுக்கவில்லை. தலையணை உறையைப் பிடித்துப் போர்வை மேல் உதறினாள். பொத்துப் பொத்தென்று வெள்ளை மாத்திரைகள் விழுந்தன. சிலதில் ஈரம் பட்டு ஓரம் கரைந்திருந்தது. சிஸ்டர் எண்ணாமலேயே எண்ணினாள். ஒன்பது.

"நான் குடுத்தது" என்றாள் டீச்சர். "ஒண்ணுகூட முழுங்கல. நான் தண்ணி பாட்டில் மூடியத் தொறக்கறதுக்குள்ள உள்ள தள்ளியிருக்கு." பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "தலகாணியோட மெத்த விரிப்பும் சேத்து எடுத்துட்டு வரலாம்னு இழுத்தேன். கால்மாட்டுலேர்ந்து இது விழுந்துச்சு. படிக்கட்டுமா அண்ணி? 'திங்கள் காலை ஆறு. ஜுரம் நூத்தி ரெண்டு. மாத்திரை ஒன்று. டம்ளர் கவிழ்த்தாச்சு.' பத்து வரி. பத்து வரியிலயும் கவுத்தாச்சு, கவுத்தாச்சு..." அவளால் மேலே படிக்க முடியவில்லை. "இது இருக்கறப்ப எதுக்கண்ணி மறந்துட்டேன்னு சொன்னீங்க?"

சிஸ்டர் தலை குனிந்தாள். "உன் கை நடுங்குச்சு. பாக்க முடியல."

"அதுக்காக வேலையவே விட்டுக் குடுப்பீங்களா?"

"அப்ப யாரு டம்ளர நிமித்தினது?" என்று லிஃப்ட் கேட்டார். எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

மாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"நான்தான்" என்றாள் கடைசியில். "மொத நாள் இவ வாசப்படியில நின்னு எட்டிப் பாத்தா. டம்ளர் கவுந்திருந்துச்சு. ஓ, குடுத்தாச்சான்னு அப்படியே போயிட்டா. எம் மூஞ்சியக்கூடப் பாக்கல. டம்ளரத்தான் பாத்தா." மூச்சு வாங்கியது. "அடுத்த தடவ நிமித்தி வெச்சேன். உள்ள வந்தா. நாற்காலி இழுத்துப் போட்டு ஒக்காந்தா. நெத்தியில கை வெச்சா... ஆறு வருஷமாச்சுடா, எம் பொண்ணு எம் பக்கத்துல ஒக்காந்து. ஒரு டம்ளர நிமித்தினா அஞ்சு நிமிஷம் ஒக்காருறா. எனக்கு வேற வழி தெரியல. மாத்திரய எப்படித் திங்கறது, சிஸ்டரு அப்பதான் நாக்கத் தூக்கிப் பாத்துக் குடுத்துட்டுப் போயிருப்பா. நான் என்ன கூமுட்டையா, ரெண்டு ரெண்டா முழுங்க?"

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றாள் மாமியார்.

சிஸ்டருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. "அத்தை, வேண்டாம். உடம்பு சரியாகட்டும்."

"நீ சும்மா இரு. உன் வாயக் கட்டியே நான் ஆறு வருஷம் ஓட்டிட்டேன்." மகளின் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா செத்த அன்னிக்கு இவ டியூட்டிக்குப் போக மாட்டேன்னுதான் சொன்னா. மாமா மூஞ்சி சரியில்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நின்னா. நான்தான் வெறும் வாயுப் பிடிப்பு, நீ பெரிய டாக்டர் மாதிரி பேசாத, கெளம்புன்னு தொரத்தினேன். நான்தாண்டி... நான்தான் உங்கப்பாவ... நீ இவளத் திட்டினப்ப வாயத் தொறக்கத் தைரியம் வரல. இவளும் என்னக் காட்டிக் குடுக்கல. ஒரு நாளு, ஒரு பொழுது சொல்லிக் காட்டல."

டீச்சர் அடி வாங்கியவள் போல நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். ஆறு வருஷமாகத் தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கே திரும்பிக் கேட்டிருக்க வேண்டும். அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்து, சிஸ்டரின் முழங்காலைக் கட்டிக்கொண்டு விட்டாள். அழுகை பெரிதாக வந்தது. வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"எந்திரி... எந்திரிம்மா. இங்கல்லாம் தரை சுத்தமா இருக்காது" என்றாள் சிஸ்டர். அவளுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். சொல்லிவிட்டு அவளும் குனிந்து, நாத்தனாரைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அதற்குமேல் அவளாலும் அடக்க முடியவில்லை. ஆறு வருஷமாக வராத அழுகை, வாய்விட்டு வந்தது.

"நானும் நம்பிட்டேனே..." என்று லிஃப்ட் சுவரோரம் நின்று முணுமுணுத்தார். அவரை ஒருத்தரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் அப்படி நிற்பதும் நல்லதுதான்.

டாக்டர் போர்வை மேல் கிடந்த காலண்டர் தாளை எடுத்து, பத்து வரியையும் நிதானமாகப் படித்தார். மடித்து நோயாளியின் ஃபைலில் செருகினார். "இது இங்கயே இருக்கட்டும்" என்றார். "திங்கக்கெழம ஏழு மணி சிஸ்டர். ஏழே கால் ஆனா நான் உள்ள விட மாட்டேன், பழைய கதைதான்."

அவர் போன பிறகு டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "தாகமா இருக்கு" என்றாள். அவளுடைய பாட்டில் காலி. சிஸ்டர் பையைத் துழாவினாள். வீட்டுச் சாமானோடு அந்த எவர்சில்வர் டம்ளரையும் டீச்சர் எடுத்து வந்திருந்தாள். சிஸ்டர் அதை அலம்பி, நிறையத் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். டீச்சர் ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

குடித்துவிட்டுப் பழக்க தோஷத்தில் டம்ளரைக் கட்டில் பக்கத்து மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"அடியே" என்றது கட்டிலிலிருந்து சன்னமான குரல். "அத நிமித்தி வை."

இரண்டு கைகள் ஒன்றாக நீண்டன. டீச்சர் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ள, சிஸ்டர் டம்ளரை நிமிர்த்தி வைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.